தாமதத்திற்கான காரணம்

அல்லியின் கருமாதி முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு வேன் ஆட்கள் சுரக்குடிக்கு வந்தார்கள். அல்லியின் அப்பா சிதம்பரநாதன் வாஞ்சூர் சாலையில் இருக்கும் ஒரு பைப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் அதிகாரி. இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ். வந்தவர்கள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாருக்கு ஹரிஹரன் என்று ஒரு பையன், பெங்களூரில் வேலை, போன வருடம் கல்யாணம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு பெண் இருந்தாள் என்பது, அவள் இறந்துபோனதற்கு அவர் லீவு கேட்டு அனுப்பிய மெயிலில்தான் தெரிந்தது.

அல்லியின் அம்மா தையல்நாயகி உள்அறை நிலைப்படியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களில் ஒரே பெண் மெஹர் பானு. கம்பெனியில் சம்பளக் கணக்கு அவள் பொறுப்பு. அவள் நாற்காலியில் உட்காராமல் தையல்நாயகியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன வயசுக்கா?"

"பத்தொம்பது."

"படிச்சிட்டிருந்துச்சா?"

"இல்லம்மா. பொறக்கறப்பவே மூச்சு முட்டிப்போச்சு. மூளையில அடி. கழுத்து நிக்காது, கையி காலு சொன்னபடி கேக்காது, பேச்சு வராது. ஆனா நாம பேசுறது அத்தனையும் புரியும். கோவம் வந்தா மூஞ்சியத் திருப்பிக்கும்."

மெஹர் பானுவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டாள்.

"இதுக்கு மாற்றுத்திறனாளி அட்டை எதுவும் எடுக்கலியாக்கா? டாக்டர் சர்டிபிகேட்டு?"

"எடுத்தேனே. அதுக்கு எட்டு வயசு இருக்கும். பெரியாஸ்பத்திரியில டாக்டருங்க போர்டுக்கு முன்னாடி தூக்கிட்டுப் போயிக் காட்டி வாங்கினேன். எம்பத்தஞ்சு சதவீதம்னு போட்டிருக்கு."

"அப்பறம் ஏங்க்கா சார் ஆபீஸ்ல குடுக்கல? குடுத்திருந்தா இவ்ளோ வரி புடிச்சிருக்க மாட்டோமே. வருசா வருசம் நாந்தானே கேட்டு வாங்குறேன். வீட்டு லோனு, எல்ஐசி எல்லாம் கரெக்டா குடுப்பாரே."

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுத்தாரும்மா. நாந்தான் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தனுப்பினேன். உங்க கம்பெனியில அதுக்கெல்லாம் வரியில கழிவு கெடையாதுன்னுட்டாங்கன்னு சொன்னாரு."

மெஹர் பானு திரும்பிச் சிதம்பரநாதனைப் பார்த்தாள். கூடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. சிதம்பரநாதன் எழுந்து, டீ என்ன ஆயிற்று என்று பார்ப்பதுபோலக் கொல்லைப்பக்கம் போனார். சுவரோரம் உட்கார்ந்திருந்த முத்தையன் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டோர்ஸில் அவருக்கு அடுத்த மேஜை அவனுடையது. டீ வருவதற்குள் அவன் எழுந்து வெளியே போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை என்பதால் அது பெரிதாகத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு தையல்நாயகி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவர் ஷாமியானாக்காரனுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஆபீஸ்ல குடுக்கவே இல்லியா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"குடுத்தீங்களா, இல்லியா?"

"இல்ல."

"பதினோரு வருசமா?"

அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, "ஹரி கல்யாணம்னு ஒண்ணு இருந்துச்சுல்ல. நாலு எடத்துல தெரிஞ்சா பொண்ணு குடுக்க யோசிப்பாங்க" என்றார்.

"அப்ப ஹரி ஒம்பதாவது படிச்சிட்டிருந்தான்."

"என்னிக்கா இருந்தாலும் பண்ணித்தானே ஆவணும்."

"சம்பந்தி வீட்டுக்கு மொதல்லேயே தெரியுங்க. ஊருக்குள்ள விசாரிக்காமயா பொண்ணு குடுத்தாங்க? கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல வச்சே அந்தம்மா கேட்டாங்க, ஏன் பொண்ண வீட்டுல விட்டுட்டு வந்துட்டீங்க, ஒரு ஓரமா படுக்க வச்சிருக்கலாமேன்னு. எனக்கு மூஞ்ச எங்க வச்சிக்கறதுன்னு தெரியல."

இது அவருக்குப் புதிய செய்தி. "எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார்.

"சொல்லி என்ன ஆவப்போவுது?"

அவள் நினைவெல்லாம் வேறு ஒன்றில் இருந்தது. அல்லிக்குப் பத்துப் பதினோரு வயதாக இருந்தபோது புதுச்சேரியில் ஒரு டாக்டர், இந்தப் பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டாதீர்கள், சோறு நுரையீரலுக்குப் போய்விடும் என்றார். கழுத்துக்கும் இடுப்புக்கும் பெல்ட் வைத்து, உடம்பு அளவுக்குச் செய்துதரும் நாற்காலி இருக்கிறது, அதில் நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள் என்றார். விலை இருபத்தைந்தாயிரம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கேட்டாள். "எங்கேருந்து வாங்குறது? மார்ச் மாசம் வந்தா சம்பளத்துல பாதிய வரின்னு புடிச்சிடுறான்" என்றார் சிதம்பரநாதன். அது பொய் இல்லை. தை, மாசி, பங்குனியில் அவர் சம்பளம் சுருங்கித்தான் வரும். வெள்ளாமைப் பணம் வரட்டும் என்று ஒரு வருடம் தள்ளினார்கள், பிறகு வீட்டுக்கு மாடி எடுத்தார்கள், பிறகு ஹரிஹரனின் காலேஜ். தையல்நாயகி அல்லியை மடியில் சாய்த்து, ஒரு கையால் தாடையைத் தாங்கி, மறு கையால் ஊட்டினாள். அல்லி வளர வளர அம்மாவின் தோள்பட்டை இறங்கிப்போனது. புரட்டாசியில் வந்த காய்ச்சல் சளியாகி நெஞ்சில் கட்டியபோது, தனியார் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, சாப்பாடு உள்ளே போயிருக்கிறது, இன்று நேற்று அல்ல, ரொம்ப நாளாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றார்.

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. தையல்நாயகி அல்லியின் அறையை ஒழித்தாள். பிரிக்காத டயப்பர் பாக்கெட்டுகள் இருந்தன. முதுகில் புண் வராமலிருக்க வாங்கிய காற்று மெத்தை இருந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை. முத்தையனின் பையனுக்கும் இதே மாதிரி என்பது அவளுக்குத் தெரியும். சிதம்பரநாதன்தான் பல தடவை சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். "பாவம்டி அந்த முத்தையன். மீன்பிடிக்கிற குடும்பத்துலேருந்து படிச்சு மேல வந்தான். பையன் இப்படி ஆயிட்டான். ஆபீஸ்ல எல்லாரும் உச்சுக் கொட்டுவானுங்க. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கும்." அப்போதெல்லாம் அல்லி பக்கத்து அறையில்தான் படுத்திருப்பாள்.

பையில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு பட்டினம் பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் முத்தையன் இருக்கும் பட்டினச்சேரிக்குப் போனாள். வீட்டில் முத்தையன் இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா" என்றான். பையை வாங்கி உள்ளே வைத்தான்.

உள்ளே அவன் பையன் நெடுமாறன் உட்கார்ந்திருந்தான்.

உட்கார்ந்திருந்தான். தையல்நாயகி அதைத்தான் முதலில் பார்த்தாள். பதினாலு வயதுப் பையன், அல்லியைப் போலவே முறுக்கிய மணிக்கட்டு, அல்லியைப் போலவே ஓரம் சாய்கிற வாய். ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. கழுத்தை இரண்டு பக்கமும் மெத்தை தாங்கியிருந்தது. முன்னால் ஒரு பலகை, அதில் கிண்ணம். முத்தையனின் மனைவி தடித்த பிடிபோட்ட ஒரு கரண்டியை அவன் கையில் வைத்து அழுத்தியிருந்தாள். அவன் மீன்குழம்புச் சோற்றைப் பாதி சிந்தி, பாதி தின்றுகொண்டிருந்தான். ஆளைப் பார்த்ததும் சத்தம்போட்டுச் சிரித்தான்.

"இந்த நாக்காலி எங்க வாங்கினீங்க?"

"இது ரெண்டாவதுக்கா. வளர வளர மாத்தணும்ல" என்றாள் முத்தையனின் மனைவி. "வருசத்துக்குக் கொஞ்சம்னு வரியில மிச்சமாவுறத இவருகிட்ட சண்ட போட்டு எடுத்து வச்சிருவேன். அதுல வாங்கினது."

தையல்நாயகி நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பெல்ட்டின் கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். சோறு எங்கெல்லாம் சிந்தியிருக்கிறது என்று பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

ஆட்டோ வரை முத்தையன் கூட வந்தான்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. சார் பக்கத்துல உக்காந்து பன்னெண்டு வருசம் ஒண்ணாச் சாப்புட்டிருக்கேன். எம்பையனுக்கு ராத்திரி தூக்கம் வருதா, வலிப்பு வருதா, என்ன மாத்தர குடுக்குறேன்னு எல்லாத்தையும் கேப்பாரு. அவ்ளோ அக்கறையாக் கேக்குறாரேன்னு நெனப்பேன். ஒரு வார்த்த, எம்பொண்ணும் இப்படித்தான் முத்தையான்னு சொல்லலியே. நான் என்ன யாருகிட்டயாவது போயிச் சொல்லிடப் போறனா?"

"நீங்க சொன்ன மாத்தரயெல்லாம் வீட்டுக்கு வாங்கிட்டு வருவாரு தம்பி" என்றாள் தையல்நாயகி.

முத்தையன் கடல்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த வாரம் சிதம்பரநாதன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அவளைக் கூப்பிட்டார். குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

"தையலு, அந்த அட்டை, சர்டிபிகேட்டு எல்லாம் எடுத்து வையி. மெஹர் பானு விசாரிச்சு சொன்னுச்சு. கூடுதலாக் கட்டின வரியத் திருப்பிக் கேக்கலாமாம். பழைய வருசத்துக்குக்கூட மனு போடலாமாம். ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல வரும்."

அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தர மாட்டேன்."

"ஏன்?"

"உசிரோட இருந்தப்ப அவ பேர ஒரு காயிதத்துல எழுத ஒங்களுக்குக் கை வரல. இப்ப மட்டும் எப்படி வருது?"

"ஆஸ்பத்திரிக்கு வாங்குன கடன் இருக்கு. திருநள்ளாத்து பைனான்ஸ்காரன் இப்பவே வட்டிக்கு வந்து நிக்கிறான். ஹரி குடுத்தது வேற. அவனும் அங்க பிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டணும்ங்கறான். நானா எனக்குன்னு கேக்கறேன்?"

இரவு ஹரிஹரனே போன் செய்தான். "அம்மா, அது நம்ம காசும்மா. கவர்மெண்ட்டுக்கு ஏன் விட்டுக் குடுக்கணும்?" என்றான். சின்ன வயதில் அல்லிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவளுக்குக் கதை சொன்னவன்தான். காலேஜுக்குப் போன பிறகு நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வரமாட்டான். "அப்பாகிட்ட சொல்லு, ஆடிட்டர்கிட்ட நானும் வர்றேன்னு" என்று மட்டும் அவனிடம் அவள் சொன்னாள்.

ஆடிட்டர் குஞ்சிதபாதத்தின் ஆபீஸ் காரைக்காலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பல வருடங்களாகச் சிதம்பரநாதனுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பவர். அட்டையையும் சான்றிதழையும் தையல்நாயகி கைப்பையில் வைத்திருந்தாள், மேஜையில் வைக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு குஞ்சிதபாதம் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேற கழிவு ஏதும் உண்டான்னு வருசா வருசம் கேப்பேனே சார். சரி, போவட்டும். இந்த வருசத்துக்கு ஒண்ணும் சிக்கல் இல்ல. கம்பெனியில பேர ஏத்திட்டா மிச்ச மாசத்துல பிடித்தத்தக் கொறச்சிடுவாங்க. பொண்ணு வருசத்துல பாதி நாள் இருந்திருக்கில்ல, கழிவு முழுசா உண்டு. போன வருசத்துக்கு டிசம்பர் முடியறதுக்குள்ள திருத்தின ரிட்டர்ன் போட்டுறலாம். ஏன், எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதுக்கு முந்தின வருசங்களுக்குத்தான் கமிஷனருக்கு மனு போடணும். அதுல முக்கியமா ஒரு பத்தி இருக்கு. தாமதத்துக்குக் காரணம்."

"சட்டம் தெரியலன்னு போடுங்க" என்றார் சிதம்பரநாதன்.

"அப்படித்தான் போடுறது. அப்பாவுக்குத் தெரியாது, அம்மா படிக்காதவங்க, பொண்ணப் பாத்துக்கவே நேரம் சரியா இருந்துச்சு, அப்படின்னு."

"நான் பத்தாவது படிச்சிருக்கேங்க" என்றாள் தையல்நாயகி. இருவரும் அவளைப் பார்த்தார்கள். "அவருக்குத் தெரியும். பக்கத்து மேஜையில ஒருத்தரு அதே கழிவ வருசா வருசம் வாங்குறாரு. அதையும் பாத்துட்டுத்தான் இருந்தாரு. நான் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தனுப்பினேன்."

"தையலு, சும்மா இரு."

"இருக்கறத எழுதுங்க. அப்ப தர்றேன்."

குஞ்சிதபாதம் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, உங்க மனசு புரியுது. ஆனா தெரிஞ்சே விட்டேன்னு எழுதினா மனு நிக்காது. கமிஷனருக்கு வேண்டியது, தவிர்க்க முடியாத கஷ்டம்னு ஒண்ணு. தெரியலங்கறதுக்கு எரக்கப்படுவாங்க. வேணும்னே விட்டவருக்கு எதுக்கு எரக்கப்படணும்?"

"அதத்தாங்க நானும் கேக்கறேன்."

சிதம்பரநாதன் எழுந்து மாடிப்படி இறங்கிவிட்டார். இருவரும் பைக்கில் திருநள்ளாறு தாண்டினார்கள். பிறகு முன்னால் பார்த்தபடியே, "மானத்த வாங்கிட்ட" என்றார்.

"எதுங்க மானம்?"

காற்றில் அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

இந்த வருடத்துக்கும் போன வருடத்துக்கும் வேண்டிய நகல்களை அவள் மறுநாளே கொடுத்துவிட்டாள். காரணம் கேட்காத இடத்தில் அவளும் காரணம் கேட்கவில்லை. கம்பெனியில் மெஹர் பானு பெயரை ஏற்றினாள். சார்ந்திருப்போர் என்ற தலைப்பின் கீழே அல்லி, மகள், எண்பத்தைந்து சதவீதம். மேலதிகாரி ஒப்புதலுக்குப் போய் வந்ததில் நாலு மேஜைக்குத் தெரிந்தது. யாரும் உச்சுக் கொட்டவில்லை. அவரிடம் அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. டிபன் கேரியர் பாதிச் சோற்றுடன் திரும்பி வர ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டபோது, "முத்தையன் இப்பல்லாம் கேன்டீன்ல போயிச் சாப்புடறான்" என்றார்.

கார்த்திகை பிறந்ததும் பைனான்ஸ்காரன் ஆள் அனுப்பினான். வாசலில் பைக்கை நிறுத்தி, தெருவுக்குக் கேட்கும்படி பேசிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் சிதம்பரநாதன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். எழுதி அவளிடம் நீட்டினார். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று இருந்தது. அவள் படித்துவிட்டு மேஜையிலேயே திருப்பி வைத்தாள்.

"என்னதான் எழுதணுங்கற? நீயே சொல்லு, எழுதித் தொலைக்கிறேன்."

"எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க ஏன் குடுக்கலன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்."

அவர் இன்னொரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். அவள் அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தாள். திரும்பி வந்தபோது தாள் மேஜையில் இருந்தது, அவர் வாசலில் நின்றிருந்தார்.

"முத்தையனை எல்லோரும் பாவம் என்று பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் பார்த்தேன். என்னை யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் என் மகளின் சான்றிதழைக் கம்பெனியில் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டதாக என் மனைவியிடம் சொன்னேன். என் மகள் பெயர் அல்லி."

கடைசி வரியை அவர் ஏன் எழுதினார் என்று அவளுக்குப் புரியவில்லை. மனுவின் மேலேயே பெயர் இருந்தது. தாளை இரண்டு தடவை படித்தாள். இதைப் படித்ததும் நெஞ்சில் ஏதோ இறங்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அலமாரியைத் திறந்து சான்றிதழை எடுத்து அந்தத் தாளோடு சேர்த்து வைத்துவிட்டு, "சாப்புட வாங்க" என்றாள்.

குஞ்சிதபாதம் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். முத்தையன் பெயரை எடுத்துவிட்டு, மற்றதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பினார். "நான் சொல்றதச் சொல்லிட்டேன்" என்றார்.

போன வருடத்துப் பணம் மாசியில் பேங்கில் ஏறியது. சிதம்பரநாதன் அதை எடுத்துப் பைனான்ஸ்காரனிடம் கட்டினார். கட்டிய ரசீதை அவளிடம் காட்டினார். ஆஸ்பத்திரியில் அல்லி மூச்சுக் குழாயோடு படுத்திருந்த நாட்களுக்கான கடன் அது. தையல்நாயகி ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பங்குனியில் கமிஷனர் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. குஞ்சிதபாதம் இருவரையும் உட்காரவைத்துத் தமிழில் சொன்னார்.

"மனுதாரருக்குக் கழிவு உண்டுன்னு தெரியும், சான்றிதழும் கையில இருந்துச்சு, சொந்த விருப்பத்துல கோராம விட்டிருக்காரு. அதனால இதத் தவிர்க்க முடியாத கஷ்டமா எடுத்துக்க எடமில்ல. மனு தள்ளுபடி. அவ்ளோதான் சார்."

"மேல போவ முடியாதா?"

"மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போவலாம். வக்கீல் பீசு, வர்ற பணத்த விட அதிகமா ஆவும். அங்கயும் இதே தாளத்தான் எடுத்துக் காட்டுவாங்க."

மாடிப்படியில் இறங்கும்போதே சிதம்பரநாதன் ஆரம்பித்துவிட்டார். மருந்துக்கடை வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் கத்தினார்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த எழுதியிருந்தா இன்னிக்கு ஒரு லட்சம் வந்திருக்கும். ஒன்னால போச்சு. எல்லாம் ஒன்னாலதான்."

"அவங்க எழுதினதுல எதுங்க தப்பு?"

"தப்பு ரைட்ட யாருடி கேட்டா? கடன யாரு கட்டறது?"

"கடன் கட்டிடலாங்க. ரெண்டு மா நெலத்தப் போக்கியத்துக்கு விட்டாப் போவுது. நான் வேற ஒண்ணு நெனச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "அந்தக் காயிதத்த எழுதின அன்னிக்கு, பணம் வராட்டியும் பரவாயில்ல, எழுதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க பணத்துக்காகத்தான் எழுதியிருக்கீங்க."

அவர் அவளையே பார்த்தார். அதற்குள் மருந்துக்கடைப் பையன் வந்து, வண்டியைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொன்னான். அவர் வண்டியை நகர்த்தப் போனார். அவள் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

அதன்பிறகும் இருவரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டுக் கடனை அடைத்தார்கள். பேசவேண்டியதைப் பேசினார்கள், கேஸ் வந்துவிட்டதா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று. ஹரிஹரனின் மனைவி முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தபோது, சிதம்பரநாதன் சந்தோஷப்பட்டுவிட்டு, சட்டென்று முகம் மாறி, "ஸ்கேன்லாம் நல்லாப் பாக்கச் சொல்லு" என்றார். அவள் அதை அவனிடம் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு மத்தியானம் மெஹர் பானுவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும். சார்கிட்ட கேக்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, அதான் ஒங்களுக்குப் பண்ணேன்."

"சொல்லும்மா."

"புது வருசத்துக்கு எல்லாருக்கும் லிஸ்ட்ட சரி பாக்குறோம். அல்லி பேரு இன்னும் சாரோட லிஸ்ட்ல இருக்கு. இனிமே அத..." அவள் நிறுத்தினாள். "எடுக்கணும்க்கா. எடுக்காம விட்டா இந்த வருசமும் கம்ப்யூட்டர் கழிச்சிரும், அப்பறம் நோட்டீஸ் வரும்."

"எப்பம்மா ஏத்துனீங்க?"

"நவம்பர்லக்கா."

தையல்நாயகி விரல் விட்டு எண்ணினாள், ஐந்து மாதம். போனில் மெஹர் பானுவுக்குப் பின்னால் யாரோ சத்தமாக டீ கேட்பது கேட்டது.

"எடுத்துடும்மா."

"சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரவா?"

"வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

சாயங்காலம் அவர் வந்தார், கைகால் கழுவினார், டீ குடித்தார். அவள் சொல்லவில்லை. அல்லியைப் பற்றி அவராக ஒரு வார்த்தை பேசினால் சொல்லலாம் என்று இருந்தாள். அவர் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.